கைப்பேசிக்கு ஒரு தாங்கி

அக்கா வீட்டு முற்றத்தில் நின்றிருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஏதோ குறைவதுபோல் தோன்றியது. உற்றுப் பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் உடைந்த கறுப்பு நெகிழித் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கால்மிதியின் ஓரத்திலும் புதிய கீறல்கள் தெரிந்தன.

“என்ன ஆயிற்று?” என்று கேட்டேன்.

அக்கா வாய் திறக்கவில்லை. உள்ளிருந்து வந்த அக்கா மகன்தான், “ஒன்றுமில்லை மாமா. மழையில் கொஞ்சம் சறுக்கிவிட்டது,” என்றான். ஆனால், அவன் நொண்டியபடி நடந்து வந்ததும், இடது முழங்காலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியும் வேறு கதை சொல்லின.

இது நடந்தது ஓர் ஆண்டிறுதி விடுமுறையில். நான் புத்ராஜெயாவில், கல்வி அமைச்சில் பணிபுரிகிறேன். விடுமுறை கிடைத்தால் ஜொகூரில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆயர் ஈத்தாம் என்றதும் பலருக்கு மண்பாண்டக் கடைகள்தாம் நினைவுக்கு வரும். ஜொகூர் பாருவுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங்குக்குப் போகும் சாலையும் இங்கேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. 1994ஆம் ஆண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை, சிங்கப்பூர் போகிறவர்களும் கோலாலம்பூர் போகிறவர்களும் இங்கே இறங்கி, சாப்பிட்டு, ஒரு பூச்சாடியையோ உண்டியலையோ வாங்கிக்கொண்டு போவார்கள். இன்றும் இந்தச் சாலைகளில் கனவுந்துகளுக்குக் குறைவில்லை.

அக்கா அப்படியொரு மண்பாண்டக் கடையில்தான் வேலை செய்கிறார். அக்கா மகன் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விரிவுரைகள் முடிந்த பிறகு, மாலை வேளைகளில் உணவு விநியோகம் செய்கிறான். வண்டி, அவன் தாத்தா விட்டுச் சென்ற பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5.

இரவு உணவுக்குப் பிறகுதான் உண்மை வெளிவந்தது.

அன்று மாலை நல்ல மழை. உணவுப் பொட்டலங்களோடு போய்க்கொண்டிருந்தான். திறன்பேசி, கண்ணாடித் தண்டில் பொருத்திய தாங்கியில் இருந்தது. இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு வாங்கிய தாங்கி அது. சாலையில் மழைநீர் மூடியிருந்த பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. அந்தக் குலுக்கலில் திறன்பேசி பிடியிலிருந்து துள்ளியது. கண்ணிமைக்கும் நேரத்தில் அவனுடைய இடக்கை அதைப் பிடிக்க நீண்டது. வண்டி தள்ளாடிச் சாய்ந்தது. பின்னால் வந்த கனவுந்து, ஒலியெழுப்பிக்கொண்டே, அவன் கிடந்த இடத்துக்குச் சில அடி தள்ளி நின்றது.

“கையை நீட்டாமல் இருந்திருந்தால் திறன்பேசி மட்டும்தானே உடைந்திருக்கும்?” என்றேன்.

“தெரியும் மாமா. ஆனால், கை என்னைக் கேட்டுக்கொண்டு நீளவில்லையே!” என்றான்.

அதற்கு மேல் அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் வயதில் நானும் மோட்டார் சைக்கிளில்தான் திரிந்தேன். அழைப்பு வந்தால், கைப்பேசியைத் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு பேசியபடியே ஓட்டுவேன். எத்தனையோ முறை அது நழுவியிருக்கிறது. எத்தனையோ முறை என் கையும் நீண்டிருக்கிறது. எனக்குப் பின்னால் அப்போது கனவுந்து வரவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

அக்கா பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே பேசினார். “தம்பி, ஓட்டாதே என்று இவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை. புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் இவனே சம்பாதித்துக்கொள்கிறான். நீயாவது கூடப் போய், விழாத மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்கிக் கொடு.”

மறுநாள் காலை இருவரும் பட்டறைக்குப் போனோம். ஒரு தாங்கி வாங்குவதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பட்டறைத் தௌக்கே நான்கு வகைத் தாங்கிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

முதலாவது, அவன் வைத்திருந்ததைப் போன்ற சுருள்கம்பித் தாங்கி. இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் திறன்பேசியை வைத்தால், சுருள்கம்பி அதை இறுக்கிக்கொள்ளும். வைப்பதும் எடுப்பதும் எளிது. அந்த எளிமையே அதன் குறையும்கூட. நம் கை இழுத்தால் விரியும் சுருள்கம்பி, பள்ளத்தில் இறங்கும் வேகத்திலும் விரியும்.

இரண்டாவது, மழைநீர் புகாத உறை. மூன் பக்கம் தெளிவான நெகிழித்தாள், சுற்றிலும் இழுபட்டை. நம் நாட்டு மழைக்கு இது பொருத்தமானது என்று தோன்றியது. தௌக்கே தலையை ஆட்டினார். நண்பகல் வெயிலில் மூடிய மகிழுந்து எப்படிச் சூடாகிறதோ, அப்படியே இந்த உறைக்குள் திறன்பேசியும் சூடாகும். சூடு அளவு மீறினால், திரை தானாகவே மங்கிவிடும் என்றார். மங்கிய திரையைப் படிக்க நாம் இன்னும் அதிக நேரம் குனிந்து பார்ப்போம். ஆபத்திலிருந்து தப்ப வாங்கிய பொருளே ஆபத்தை வளர்க்கும்.

மூன்றாவது, நான்கு மூலைகளையும் உலோக விரல்களால் கவ்விப் பிடிக்கும் தாங்கி. பின்பக்கம் உள்ள திருகை முறுக்கினால் விரல்கள் இறுகும். கையால் திருப்பினாலொழிய அவை விரியா. அதற்கு மேல் ஒரு ரப்பர் பட்டையையும் மாட்டிக்கொள்ளலாம்.

நான்காவது, திறன்பேசியின் முதுகில் தனி உறையைப் போட்டு, அதைத் தாங்கியில் வைத்துத் திருப்பிப் பூட்டுவது. உறுதியில் இதற்கு இணையில்லை. ஆனால், உறையும் தாங்கியும் சேர்ந்து இருநூறு வெள்ளியைத் தாண்டியது. அக்கா மகன் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, அதை மெல்ல மேசையின் மறுமுனைக்கு நகர்த்தி வைத்தான்.

“இந்த வண்டிக்குக் கண்ணாடித் தண்டில்தான் பொருத்த முடியும்,” என்றார் தௌக்கே மலாய் மொழியில். பெரிய மோட்டார் சைக்கிள்களில் கைப்பிடித் தண்டு வெளியே தெரியும். தாங்கியை அதிலேயே இறுக்கிவிடலாம். இ.எக்ஸ்.5 போன்ற சிறிய வண்டிகளில் அந்தத் தண்டை நெகிழி மூடியிருக்கும். எனவே, கண்ணாடியைக் கழற்றி, அதன் அடியில் தாங்கியின் வளையத்தை வைத்து, மீண்டும் கண்ணாடியை முறுக்க வேண்டும். “நல்லவேளை, ஹோண்டா. யமாஹாவாக இருந்தால் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய,” என்று சொல்லிச் சிரித்தார்.

நான் மூன்றாவது வகையை எடுக்கப் போனேன். அப்போதுதான் அக்கா மகன், “மாமா, இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது,” என்று தன் திறன்பேசியைத் திறந்து கேமராவைக் காட்டினான். திரையில் தெரிந்த பட்டறை, நீரில் தெரியும் நிழலைப் போல் நடுங்கிக்கொண்டே இருந்தது. விழுந்ததால் வந்த கோளாறு அன்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அப்படி ஆகிவிட்டதாம்.

இதைப் பற்றி முன்பே படித்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. இன்றைய திறன்பேசிகள் பலவற்றில், கை நடுங்கினாலும் படம் தெளிவாக விழுவதற்காகக் கேமராவின் வில்லை சற்றே அசையும்படி அமைக்கப்பட்டுள்ளது. நம் கை இடப்பக்கம் நடுங்கினால், உள்ளேயிருக்கும் உணர்கருவி அதை அறிந்து ஈடு செய்யும். மோட்டார் சைக்கிளின் இயந்திரமோ ஓயாமல் அதிர்கிறது. அந்த அதிர்வு கைப்பிடி வழியாகத் திறன்பேசிக்கு ஏறுகிறது. மெல்லிய அந்த அமைப்பு நாளடைவில் பழுதாகிவிடலாம். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஆப்பிள் நிறுவனமே இது குறித்துத் தன் பயனர்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது. ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள்களில் ஐபோனை நேரடியாகப் பொருத்த வேண்டாம் என்றது. அதிர்வு குறைந்த சிறு வண்டிகளில்கூட, அதிர்வைத் தணிக்கும் தாங்கியைப் பயன்படுத்துவதே நல்லது என்றும் கூறியது.

ஆக, இறுக்கமாகப் பிடித்தால் மட்டும் போதாது. இறுக்கமாகப் பிடிக்கப் பிடிக்க, வண்டியின் நடுக்கம் முழுவதும் திறன்பேசிக்குள் போய்ச் சேரும்.

முடிவெடுக்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பினோம். மதிய உணவுக்கு வந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “இதில் என்ன குழப்பம்? நாங்கள் தினமும் கடையில் செய்கிற வேலைதானே இது? சாடியைப் பெட்டியோடு ஒட்ட இறுக்கி வைத்தால், ஊர் போய்ச் சேரும்போது விரிசல் விட்டிருக்கும். தளர்வாக வைத்தாலும் உருண்டு உடையும். அசையாமலும் இருக்க வேண்டும், அடி ஏறாமலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் நடுவில் பழைய நாளிதழைக் கசக்கி வைக்கிறோம்.”

தாங்கிக்கும் அப்படி ஒரு கசக்கிய நாளிதழ் தேவை. மாலையில் மீண்டும் பட்டறைக்குப் போனோம். உலோக விரல்களுக்கும் வளையத்துக்கும் இடையே தடித்த ரப்பர் மெத்தைகள் வைத்த தாங்கி ஒன்றைத் தௌக்கே உள்ளறையிலிருந்து தேடி எடுத்து வந்தார். அறுபத்தெட்டு வெள்ளி. புதிய கண்ணாடியையும் சேர்த்து நான் பணம் கொடுத்தேன். “பாதி என் கணக்கு மாமா,” என்று அக்கா மகன் பிடிவாதமாக என் கையில் பணத்தைத் திணித்தான்.

பொருத்தும்போது தௌக்கே சிலவற்றைக் கண்ணும் கருத்துமாகச் சரிபார்த்தார். கைப்பிடியை இடக்கோடி வரையிலும் வலக்கோடி வரையிலும் திருப்பினார். தாங்கி எதிலும் இடிக்கவில்லை. வேகமானியும் சைகை விளக்குகளும் மறைகின்றனவா என்று இருக்கையில் அமர்ந்து பார்த்தார். இடப்பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி முழுமையாகத் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு, திறன்பேசியை வைத்து இறுக்கி, “இழு,” என்றார். அக்கா மகன் இழுத்தான். வண்டிதான் அசைந்தது, திறன்பேசி அசையவில்லை.

வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில், பாதிதான் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் ஓட்ட, நான் பின்னால் அமர்ந்திருந்தேன். திறன்பேசி இப்போது உறுதியாக நின்றது. திரையும் தெளிவாகத் தெரிந்தது. அதனாலேயே அவன் அதை அடிக்கடி பார்த்தான். வீடு வந்து சேர்வதற்குள் அவன் தலை எத்தனை முறை குனிந்தது என்று எண்ணினேன். பதினொரு முறை. பழைய தாங்கி இருந்தபோது, விழுந்துவிடுமோ என்ற அச்சமாவது இருந்திருக்கும். இப்போது அந்த அச்சமும் இல்லை.

வண்டியை நிறுத்தியதும், “வா, ஒரு கணக்குப் போடலாம்,” என்று அவனை வாசலுக்கு அழைத்து வந்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். திரையைப் பார்த்து, படித்து, மீண்டும் சாலையைப் பார்க்க இரண்டு நொடியாவது வேண்டும். அப்படியானால் 33 மீட்டர். அந்த 33 மீட்டரை நடந்தே அளந்தோம். அக்காவின் வீடு இருபதடி அகலமுள்ள வரிசை வீடு. எங்கள் வாசலில் தொடங்கிய நடை, ஐந்து வீடுகளைத் தாண்டி, ஆறாவது வீட்டின் பாதியில் நின்றது. இடையில் ஒரு வீட்டு வாசலில் குழந்தையின் மூன்று சக்கர வண்டி சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

நம் நாட்டுச் சாலைகளில் 2019ஆம் ஆண்டில் மட்டும் 6,167 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் இவ்வாறு இறப்பவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இந்த எண்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். கூட்டங்களில் எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால், ஐந்தரை வீடுகளின் நீளத்தை நடந்து பார்த்தபோது ஏற்பட்ட கலக்கம் அந்த எண்களால் ஏற்பட்டதில்லை.

“சரி, பார்க்காமல் ஓட்டு,” என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுமா? அவன் தன் பக்க நியாயத்தைச் சொன்னான். “வழியைக் காதால் கேட்டுக்கொள்ளலாம் மாமா, அது சிக்கலில்லை. ஆனால், புது ஆணை வந்தால் சில நொடிகளுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும். சாப்பாடு தாமதமானால் வாடிக்கையாளர்கள் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பதில் சொல்லாவிட்டால் குறைத்து மதிப்பிடுவார்கள். எல்லாம் அந்தத் திரையில்தான் வருகிறது.”

எனக்குச் சட்டென்று பதில் கிடைக்கவில்லை. வாகனமோட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. அதைத் தாங்கியில் வைத்தாயிற்று. கையை விடுவித்தாயிற்று. கண்ணை எப்படி விடுவிப்பது?

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து, அவனால் செய்யக்கூடியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். வழிகாட்டிச் செயலியின் குரலைத் தலைக்கவசத்தில் பொருத்திய சிறிய ஒலிபெருக்கி வழியாக, சாலை ஓசையை மறைக்காத அளவில் கேட்பது. புறப்படும் முன்பே வழியை ஒருமுறை முழுமையாகப் பார்த்துக்கொள்வது. தேவையற்ற அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவைப்பது. ஆணை ஒலி கேட்டால், பாதுகாப்பாக ஒதுங்கி நிற்க இடமிருந்தால் மட்டும் நிறுத்திப் பார்ப்பது. இடமில்லையென்றால் அந்த ஆணையை விட்டுவிடுவது. கடும் மழையில் திறன்பேசியைத் தாங்கியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவது. திரையில் விழும் மழைத்துளிகளைச் சில வேளைகளில் விரல் என்று எண்ணிக்கொண்டு திறன்பேசி தானாகவே எதையாவது திறக்கும். அதைச் சரிசெய்யக் கை மறுபடியும் நீளும்.

கடைசியாக அவனே ஒன்றைச் சேர்த்தான்: “விழுந்தால் விழட்டும்.” என்ன ஆனாலும் ஓடும் வண்டியில் கையை நீட்டுவதில்லை என்று அதற்குப் பொருள். அக்கா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு அவனைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தேன். முன்பைவிடச் சில ஆணைகள் குறைந்திருப்பதாகச் சொன்னான். வருமானமும் கொஞ்சம் குறைவுதான். புத்தகம் ஒன்றை வாங்குவதைத் தள்ளிப்போட்டிருக்கிறான். “தாங்கி எப்படி?” என்றேன். “இருப்பதே மறந்துவிட்டது மாமா,” என்றான். ஒரு நல்ல தாங்கிக்கு இதைவிடச் சிறந்த பாராட்டு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

இதைப் படிக்கும் உங்களில் பலர், பதினாறு வயது நிறைந்து மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கும் நாளை எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள். தாங்கி வாங்கப் போகும்போது, விலையையும் நிறத்தையும் பார்ப்பதோடு, இருக்கையில் அமர்ந்து ஒருமுறை சாலையைப் பாருங்கள். பிறகு திரையைப் பாருங்கள். உங்கள் கண் எவ்வளவு தொலைவு இறங்குகிறது, எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த இடைவெளியில் எத்தனை வீடுகள் கடந்து போகும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கும் கற்றுக்கொள்ள ஒன்று மிச்சமிருந்தது. சென்ற மாதம் ஒரு நாள் மாலை, புத்ராஜெயாவில் வேலை முடிந்து களைத்து வந்து, செயலியில் உணவுக்குச் சொல்லிவிட்டு அமர்ந்திருந்தேன். வெளியே மழை. திரையில் சின்னஞ்சிறு மோட்டார் சைக்கிள் படம் ஒரே இடத்தில் நின்றிருந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. “எங்கே இருக்கிறீர்கள்?” என்று தட்டச்சு செய்தேன். அனுப்பு என்ற பொத்தானுக்கு மேல் விரல் நின்றபோது, அந்தக் கேள்வி போய்ச் சேரும் இடம் என் கண்முன் வந்தது. எங்கோ ஒரு நனைந்த சாலையில், ஒரு வண்டியின் கண்ணாடித் தண்டில், ஒரு திரை ஒளிரும். யாருடைய அக்கா மகனோ தலையைக் குனிவான்.

எழுதியதை அழித்தேன். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.